பகல் நித்திரைக்கு ஒரு வேப்பங்குழை

எங்கள் தெருவில் பிரதீஸைப் போல நித்திரை கொள்ள இன்னொரு ஆள் இல்லை. பொறாமையில் சொல்லவில்லை. பக்கத்து வளவில் மில் வைத்துக்கொண்டு அந்த நித்திரைக்காக நான் பட்ட பாட்டில் சொல்கிறேன். பனிச்சங்கேணியில் எங்கள் பக்கத்துச் சனம் அரிசி மாவும் மிளகாய்த்தூளும் இடிக்க வருவது என் மில்லுக்குத்தான். அந்த மில்லுக்கும் பிரதீஸின் தலையணைக்கும் நடுவே இருப்பது ஒரு வேலியும் ஒரு மாமரமும் மட்டும்.

முறைக்கு அவன் எனக்கு மருமகன். என் மனைவி அன்னப்பூரணியின் தங்கச்சி மகள் கேதீஸ்வரியைக் கட்டியவன். எங்கள் பகுதியில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான் போகும்; மாப்பிள்ளை உடுப்புப் பையோடு வந்து சேர்வார். முப்பது வருசத்துக்கு முன் மண்டூரிலிருந்து நான் அப்படித்தான் வந்தேன். ஏழு வருசத்துக்கு முன் வந்தாறுமூலையிலிருந்து அவன் வந்தான். அக்கா தங்கச்சி வளவுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அங்கே வந்து சேர்ந்த ஆண்பிள்ளைகளும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். கோபித்துக்கொண்டு போக இரண்டு பேருக்கும் வேறு வீடு இல்லை.

பிரதீஸ் ஓட்டுவது ஓட்டமாவடி முதலாளி றவூப் காக்காவின் மீன் லொறி. முஸ்லிம் அண்ணன்மாரைக் காக்கா என்பது எங்கள் பக்கத்து மரியாதை. வாவி இறால், நண்டு, கடல் மீன் எல்லாம் பின்னேரம் ஐஸ் போட்ட றெஜிபோம் பெட்டிகளில் ஏறும். ஐந்து மணிக்கு லொறி கிளம்பும். கொழும்புப் பக்கம் சந்தைக்குப் போய்ச் சேர நடுச்சாமம் தாண்டிவிடும். இறக்கிவிட்டு ஒரு பிளேன்டீயைக் குடித்துவிட்டுத் திருப்பி ஓட்டினால் அடுத்த நாள் காலை பத்து மணிக்கு எங்கள் தெருவுக்குள் லொறி நுழையும். சனிக்கிழமை ஒரு இரவு தவிர மற்ற எல்லா இரவும் இதே கதைதான். அந்தச் சனிக்கிழமை இரவையும் அவன் வீணாக்குவதில்லை. மாலை ஏழு மணிக்குப் படுத்தால் ஞாயிறு பகல் பதினொரு மணிக்குத்தான் தலையைத் தூக்குவான். நித்திரையில் அவனுக்கு அப்படி ஒரு பற்று.

பத்தரைக்குப் படுத்து நாலரைக்கு எழும்புவது அவனுடைய கணக்கு. ஆனால் ஊர் முழுக்க விழித்திருக்கும் நேரத்தில் ஒருவன் மட்டும் நித்திரை கொள்வது லேசான காரியமா? பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்கிற ஓட்டோ வரும். லொத்தர் சீட்டு விற்கிறவன் ஒலிபெருக்கியில் எங்களையெல்லாம் கோடீஸ்வரர் ஆக்கிக்கொண்டு போவான். அதற்குமேல் என் மில் இருக்கிறது. அது ஓடினால் எங்கள் வீட்டு அலுமாரிக்குள் கோப்பைகள் நடுங்கும்.

உள்ளதைச் சொன்னால், முந்தி பிரதீஸ் இதையெல்லாம் கணக்கெடுத்ததே இல்லை. தலைமாட்டில் வெடி போட்டாலும் திரும்பிப் படுப்பான். கணக்கெடுக்கத் தொடங்கியது கேதீஸ்வரிதான். அதற்குக் காரணம் புனானை.

போன ஆவணியில் ஒரு நாள் காலை, வெறும் லொறியோடு திரும்பி வரும்போது, புனானைக்குக் கிட்ட அவனுக்குக் கண் அயர்ந்துவிட்டது. அன்றைக்குப் பின்னேரம் வேலியோரம் நின்று சிரித்துக்கொண்டுதான் எனக்குச் சொன்னான்.

"ஒரு நிமிசம்தான் மாமா கண்ண மூடினது. முழிச்சுப் பாத்தா லொறி றோட்ட விட்டுட்டுப் பத்தைக்குள்ள நிக்கிது. அவடத்த ஒரு ஆனையும் நிண்டு என்னையே பாத்துக்கொண்டிருந்திச்சு."

யானை அவன் சேர்த்துக்கொண்டது. பக்கக் கண்ணாடி உடைந்தது மட்டும் உண்மை. றவூப் காக்காவிடம் மாடு குறுக்கே பாய்ந்தது என்று சொல்லிவிட்டான். நானும் சிரித்தேன். கிணற்றடியில் நின்ற கேதீஸ்வரி சிரிக்கவில்லை. அவள் கையிலிருந்த வாளி கயிற்றோடு கிணற்றுக்குள் போய்விட்டது. அதை எடுக்கக்கூட அன்றைக்கு அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து அவன் நித்திரைக்கு அவள் காவல். அவர்கள் வீட்டுச் சேவல் இரண்டு நாளில் கறியாகியது. குக்கர் விசில் அடிக்கக் கூடாது என்று அது பெட்டிக்குள் போனது. பாண் ஓட்டோக்காரன் எங்கள் சந்தியில் பாட்டை நிறுத்தி, வீட்டைத் தாண்டிப் போய்த் திரும்பப் போடப் பழகினான். தபால்காரர் மணி அடிக்காமல் நின்று இருமுவார். கடைசியாக அவள் என் மில்லுக்கு வந்தாள். இரண்டு கிழமை சண்டை பிடித்தோம். நான் கல்நெஞ்சன் இல்லை என்பதால், காலை பத்தரை வரைக்கும் பின்னேரம் நாலரைக்குப் பிறகும்தான் மில் ஓடும் என்று ஒத்துக்கொண்டேன். அன்னப்பூரணி மூன்று நாள் எனக்குச் சோறு போட்ட விதமும் அதற்கு ஒரு காரணம்.

இந்தக் காவலில் அதிகம் அகப்பட்டது கம்சாயினி. அவர்களுடைய ஒரே மகள், வயது ஐந்து. காலையில் நேசரிக்குப் போய்ப் பதினொன்றரைக்கு வருவாள். கேற்றடியிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வாள். நுனிக்காலில் நடந்து உள்ளே போவாள். கதை எல்லாம் காற்றுச் சத்தத்தில்தான். பழக்கம் அப்படி ஊறிப்போய், எங்கள் வீட்டுக்கு வந்தாலும், கடைக்கு இனிப்பு வாங்கப் போனாலும், அந்தக் காற்றுச் சத்தம்தான். பிள்ளைக்குத் தொண்டையில் ஏதும் வருத்தமா என்று நேசரி ரீச்சர் கேட்டு அனுப்பினார். அன்னப்பூரணி மல்லித்தண்ணி அவித்து ஒரு கிழமை கொடுத்துப் பார்த்தாள். மல்லி முடிந்தது, குரல் வரவில்லை.

பிரதீஸ் இதை விளையாட்டாக எடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை பின்னேரம் மில்லுக்கு வந்து மா மூட்டையில் குந்திக்கொண்டு சொன்னான்.

"மாமா, என்ட புள்ள என்னை விருந்தாளியப் பாக்கிற மாதிரிப் பாக்கிறா. கிட்டக் கூப்பிட்டா தாய்க்குப் பின்னால ஒளியிறா. நான் போகக்க அவ விளையாட்டு. நான் வரக்க அவ நேசரி. அவ வரக்க நான் பாயில. மறுகா எப்பிடி மாமா என்னைத் தெரியும்?"

"றவூபிட்டச் சொல்லிப் பகல் ஓட்டம் எடு."

"பகல்ல ஆரு மாமா மீன் கொண்டு போற?"

அவன் முகம் வாடித்தான் இருந்தது. எனக்கும் பாவமாக இருந்தது. ஆனால் கேதீஸ்வரியிடம் இதைச் சொன்னபோது அவள் ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள்.

"என்ட புள்ளைக்கு அப்பா உசிரோட இருக்கணும் பெரியப்பா. படுத்திருந்தாலும் எனக்குப் பரவாயில்ல."

இரண்டு பேருக்கும் ஒரே கவலைதான். பிள்ளைக்குத் தகப்பன் வேண்டும். அவனுக்கு விழித்திருக்கிற தகப்பன் வேண்டியிருந்தது. அவளுக்கு உயிரோடு இருக்கிற தகப்பன் போதுமாயிருந்தது. நான் மில்லுக்குப் போய் மெசினுக்கு எண்ணெய் விட்டேன்.

பிறகு சித்திரைப் புதுவருசம் வந்தது. வருசத்துக்கு முதல் இரண்டு கிழமை எங்கள் மில்லடியைப் பார்க்க வேண்டும். பலகாரத்துக்கு மா, கறிக்குத் தூள் என்று கதிரவெளிப் பக்கத்திலிருந்தெல்லாம் சனம் வந்து வரிசையில் நிற்கும். பத்தரைக்கு நிறுத்தினால் அந்தப் பெண்கள் என்னை இடித்துவிடுவார்கள். நான் மில்லை ஓடவிட்டேன். எட்டு மாதம் அமைதியில் படுத்துப் பழகியவனுக்கு இப்போது அந்தச் சத்தத்தில் நித்திரை வரவில்லை. இரண்டாம் நாள் கேதீஸ்வரி வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"பெரியப்பா, ரெண்டு நாளா அவர் கண்ணே மூடல்ல. நேத்து லொறி எடுக்கக்க கை நடுங்கிச்சு. வருசம் வரைக்கும் கொஞ்சம் நிப்பாட்டுங்களன்."

வரிசையில் இருபது பேர் நிற்கிறார்கள். மிளகாய்த்தூள் என் மூக்குக்குள்ளேயே இருக்கிறது. எனக்குக் கோபம் வந்தால் வாய் என் சொல்லைக் கேட்காது.

"இந்த மில்ல நிப்பாட்ட இனி அம்மாள் வந்துதான் சொல்லணும், புள்ள!"

அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள், பிறகு எங்கள் வளவு வேப்பமரத்தைப் பார்த்தாள், போய்விட்டாள். அந்தப் பார்வையில் எனக்கு அப்போதே ஏதாவது விளங்கியிருக்க வேண்டும்.

அடுத்த நாள் காலை அவர்கள் கேற்றில் இலையும் கொப்புமாக ஒரு பெரிய வேப்பங்குழை கட்டியிருந்தது.

வெளியூரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு வீட்டு வாசலில் வேப்பங்குழை தொங்கினால் அந்த வீட்டில் யாருக்கோ கொப்புளிப்பான், அதாவது அம்மை, போட்டிருக்கிறது என்று அர்த்தம். நாங்கள் நோய் என்று சொல்வதில்லை. அம்மாள் வந்திருக்கிறா என்போம். அந்த வீட்டுக்கு வேற்றாள் போகக் கூடாது. அங்கே பொரிக்க, தாளிக்கக் கூடாது, மீன் சமைக்கக் கூடாது. அக்கம்பக்கத்திலும் மிளகாய் வறுக்கவோ இடிக்கவோ மாட்டார்கள். யாருக்கு வந்திருக்கிறது, எத்தனை கொப்புளம் என்று வாய்விட்டுக் கேட்பதும் வழக்கமில்லை. கேதீஸ்வரி ஒரு பொய்யும் சொல்லவில்லை. அவள் குழையை மட்டும்தான் கட்டினாள். மிச்சத்தை நாங்களே நம்பிக்கொண்டோம்.

நான் மில் பூட்டின் திறப்பை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். அன்னப்பூரணி கதவில் நின்றாள்.

"பக்கத்து வீட்டில அம்மாள் வந்து குந்தியிருக்கா. நீங்க மிளகாய் இடிக்கப் போறீங்களோ?"

"மாவாவது இடிக்கிறன்..."

"திறப்ப வைங்க."

திறப்பை வைத்தேன். வரிசையில் நின்ற சனமும் முணுமுணுக்கவில்லை. வாயைப் பொத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வேறு மில்லைத் தேடிப் போனார்கள். பாண் ஓட்டோ எங்கள் தெருவுக்கே வரவில்லை. லொத்தர்காரன் சந்தியில் ஒலிபெருக்கியை அணைத்து, கும்பிட்டுவிட்டுத் திரும்பினான். அப்படி ஓர் அமைதியை எங்கள் தெரு சூறாவளிக்கு அடுத்த நாள்கூடக் கண்டதில்லை. அதற்குள் பிரதீஸ் குறட்டை விட்டுக்கொண்டு கிடந்தான். வேலிக்கு இந்தப் பக்கம் நான் மத்தியானம் பூசணிக்காய்க் கறியோடு சோறு தின்றேன். பக்கத்து வளவில் அம்மாள் இருக்கும் வரை எங்கள் வீட்டிலும் மீன் இல்லை என்று அன்னப்பூரணி நேர்ந்துகொண்டாள். என்னைக் கேட்டு அல்ல.

பிரதீஸுக்கு ஒன்றும் தெரியாது. கேற்றில் என்ன குழை என்று அவன் கேட்டதற்குக் கண்ணூறுக்கு என்று சொல்லியிருக்கிறாள். லொறிக்கு முன்னால் தேசிக்காயும் மிளகாயும் கட்டிக்கொண்டு போகிறவன்தானே, நம்பிவிட்டான். மீன் ஏற்றப் போன இடத்தில் ஆட்கள் இரண்டு ஆள் தூரம் தள்ளி நின்றிருக்கிறார்கள். தன்னில் மீன் மணக்கிறதாக்கும் என்று நினைத்து, வீட்டுக்கு வந்து இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் குளித்தான்.

கேதீஸ்வரி யோசிக்காத ஒன்று இருந்தது. முதல் நாளே நேசரி ரீச்சருக்குச் செய்தி போய்விட்டது. பத்து மணிக்கே கம்சாயினியைத் திருப்பி அனுப்பிவிட்டார். மூன்று கிழமைக்கு வர வேண்டாமாம். பிள்ளை நாள் முழுக்க வீட்டில். நாள் முழுக்க காற்றுச் சத்தம். மூன்றாம் நாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். தாயும் மகளும் மாமர நிழலில் கொக்கான் வெட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். கல் விழும் சத்தம் கேட்கக் கூடாது என்று கீழே ஒரு துவாய் விரித்திருந்தது. வெயில் பிள்ளையின் முகத்திலும் கையிலும் விழுந்தது. ஒரு கொப்புளம் இல்லை. தாய்க்கும் இல்லை. உள்ளே கிடப்பவனுக்கும் இல்லை என்பது இரவு லொறி எடுத்ததிலேயே தெரிந்தது.

எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் யாரிடம் சொல்வது? அம்மாள் வரட்டும் என்று யோசனை கொடுத்த ஆள் நான். அன்னப்பூரணிக்குத் தெரிந்தால் பூசணிக்காய் எனக்கு வருசம் முழுக்க ஓடும். வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன்.

நாலாம் நாள் பகல் ஒரு மணிக்கு றவூப் காக்கா வந்தார். மோட்டார் சைக்கிளைச் சந்தியிலேயே நிறுத்திவிட்டு, இரண்டு கையிலும் செவ்விளநீர்க் குலையோடு நடந்து வந்து, கேற்றடியில் தயங்கி நின்று, கடைசியில் எங்கள் வீட்டுக்குள் வந்தார். குரலைத் தாழ்த்தித்தான் கதைத்தார்.

"ராசதுரையண்ணே, புள்ளைக்கு எப்பிடி? இளநீ குளிர்மை, குடுங்க. நம்மட பிரதீஸ் ஒண்ணுமே சொல்லல்லயே எனக்கு. மீன்காரங்க சொல்லித்தான் தெரியும். அவர் வீட்டோட நிக்கட்டும். இண்டைக்கு இருந்து, இடைக்கிட நமக்கு ஓடுற ட்றைவர் வினோஜன் லொறிய எடுப்பான்."

"எத்தின நாளைக்குத் தம்பி?"

"அதச் சொல்லேலா அண்ணே. வினோஜனுக்கும் நிரந்தரமா ஓட்டம் வேணுமாம். பாப்பம்."

இளநீர்க் குலையை எடுத்துக்கொண்டு போய்க் கேதீஸ்வரியை வேலியோரம் கூப்பிட்டு நானே சொன்னேன். அவள் தலையில் சீலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்தாள். அவள் வரக் கூடாது என்று அன்னப்பூரணி கையை நீட்டித் தடுக்கப் போனாள்.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல பெரியம்மா. நான் சும்மாதான் கட்டின."

அன்னப்பூரணிக்கு நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. றவூப் காக்கா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"சும்மாவா?" என்றார் றவூப். "என்னத்துக்குத் தங்கச்சி?"

"அவர் நித்திர கொள்ளட்டும் எண்டு."

றவூப் காக்காவுக்குக் கோபம் வந்தது. நியாயம்தானே. ஒரு மனிதன் செவ்விளநீர்க் குலையோடு வெயிலில் வந்திருக்கிறான்.

"நித்திரைக்கா? ஊரையே ஏமாத்தி... நாலு நாளா என்ட பெட்டியத் தொடப் பயந்து நிக்கிறானுகள். நித்திர கொள்ளவாம்!"

அப்போதுதான் கேதீஸ்வரி அதைச் சொன்னாள். சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஓட்டுகிறபோது கண் மூடிய ட்றைவரை எந்த முதலாளி வைத்திருப்பார்?

"புனானையில மாடு பாயல்ல காக்கா. அவர் நித்திரையாப் போயிட்டார். மாடு எண்டு உங்களுக்குப் பொய் சொன்ன. அண்டைக்கு இருந்து லொறி வாற சத்தம் கேக்கிற வரைக்கும் எனக்குச் சோறு தண்ணி இறங்கிறல்ல. வேலைய நீங்க எடுத்தாலும் எடுங்க. அவர் நித்திரையில்லாம ஓடுறது மட்டும் எனக்குத் தாங்க ஒண்ணா."

அவள் அழுதாள். சத்தம் வராமல்தான் அழுதாள். எட்டு மாதப் பழக்கம், அழும்போதும் போகவில்லை.

றவூப் காக்கா தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, திரும்பப் போட்டார். அன்னப்பூரணி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

"கண்ணாடி உடைஞ்சா நான் வாங்குவன்," என்றார். "அந்தப் புள்ளைக்கு வாப்பாவ நான் எங்க போய் வாங்க? என்னிட்ட நேரா வந்து சொன்னா என்ன, நான் கடிச்சா தின்னுவன்?"

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். ஒரு இரவு வினோஜன், மறு இரவு பிரதீஸ். சம்பளம் குறையும், அதைச் சமாளிக்க வேண்டியது அவர்கள் பாடு. இன்றைக்கு வினோஜன். போகும்போது கேற்றடியில் நின்று குழையைப் பார்த்துச் சிரித்தார். இளநீர்க் குலையைத் திருப்பிக் கேட்கவில்லை.

கேதீஸ்வரி குழையை அவிழ்க்கப் போனாள். அன்னப்பூரணி விடவில்லை.

"பொய்க்குக் கட்டினாலும் கட்டினது கட்டினதுதான். கூப்பிட்டிருக்காய், அம்மாள் வந்திருப்பா. தலைக்குத் தண்ணி வாக்காம எப்பிடி அனுப்புற?"

"ஆருக்குப் பெரியம்மா வாக்கிற? ஒருத்தருக்கும் இல்லையே."

"ஆருக்காகக் கட்டினியோ அவருக்கு."

அண்டா நிறையத் தண்ணி, மஞ்சள், வேப்பிலை, எல்லாம் முற்றத்து வெயிலில் வைக்கப்பட்டன. நாலரைக்குப் பிரதீஸ் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தான். லொறியை வினோஜன் கொண்டு போயிருந்தான். முற்றத்தில் அன்னப்பூரணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்கிறாள். ஒன்றும் கேட்க விடாமல் பலகையில் இருத்தித் தலையில் மூன்று வாளி வார்த்தாள். ஒவ்வொரு வாளிக்கும் ஒரு துண்டாக அவனுக்குக் கதை சொல்லப்பட்டது. முதல் வாளிக்கு வேப்பங்குழை, இரண்டாவதற்குப் புனானை, மூன்றாவதற்கு வினோஜன். முகம் கோணுவதும் மூச்சுத் திணறுவதும் தண்ணியாலா கதையாலா என்று எனக்குத் தெரியவில்லை. வேப்பங்குழை யோசனையைக் கொடுத்தது யார் என்பது எந்த வாளியிலும் வரவில்லை. கேதீஸ்வரிக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டவன்.

எல்லாம் முடிந்து அவன் பலகையில் அப்படியே இருந்தான். தலைமயிரில் வேப்பிலை, கழுத்து முழுக்க மஞ்சள். கோபிக்கவும் தெரியாமல் சிரிக்கவும் தெரியாமல் கேதீஸ்வரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கம்சாயினி தாயின் சீலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள்.

"அம்மா, அப்பா ஒழும்பிட்டாரா?" என்று காற்றுச் சத்தத்தில் கேட்டாள்.

"ஓம் மனே."

"இண்டைக்கு லொறியில போகமாட்டாரா?"

"போகமாட்டார். போய்க் கதை."

அவள் நுனிக்காலில் அவனிடம் போனாள். கையைக் குவித்து அவன் காதில் வைத்து எதையோ சொன்னாள்.

"சத்தமாச் சொல்லு மனே. நான் முழிச்சுத்தானே இருக்கன்."

"சைக்கிள் எப்ப பழக்குவீங்க எண்டு கேட்ட."

"எந்தச் சைக்கிள்?"

"வந்தாறுமூலை மாமா வாங்கித் தந்த சைக்கிள். நான் கேட்டனே. நீங்க 'ம்' எண்டு சொன்னீங்களே."

"எப்ப மனே?"

"பொங்கலுக்கு முதல். நீங்க படுத்திருக்கக்க."

பிரதீஸ் கேதீஸ்வரியைப் பார்த்தான். அவளுக்கும் தெரியாது. பிறகு பிள்ளை சொல்லச் சொல்லத்தான் எங்களுக்கு விளங்கியது. தினமும் நேசரியால் வந்து, தாய் கிணற்றடிக்குப் போகும் நேரம் பார்த்து, அவள் உள்ளே போவாளாம். அவன் தலைமாட்டில் படுத்து, அவன் காதுக்குள் அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்வாளாம். எழும்பிவிடாமல் மெல்லத்தான் சொல்வாளாம். அவன் சில நேரம் "ம்" என்பானாம். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார் என்று நினைத்திருக்கிறாள். பிள்ளைக்குத் தகப்பனைத் தெரியாது என்று நாங்கள் பெரியவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தோம். அவளோ எட்டு மாதமாக அவனோடு கதைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். கண்ணைத் திறந்து வைத்திருக்கும் அப்பாவிடம்தான் அவளுக்குக் கூச்சம்.

பிரதீஸ் அழுதுவிட்டான். துடைக்கவும் இல்லை.

"வேற என்னவெல்லாம் மனே சொன்ன?"

"நிறையச் சொன்ன. மறந்திட்டீங்களா?"

"மறந்திட்டன் மனே. ஒருக்கா முதல்ல இருந்து சொல்லுறியா?"

அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டாள். இந்த மனிதனோடு என்னதான் செய்வது என்பது போல, அச்சு அசல் அவளுடைய பெரிய அம்மம்மா அன்னப்பூரணியேதான்.

குசினிக்குப் பின்னால், சாக்குக்குக் கீழ் கிடந்த சின்னச் சைக்கிளை அவன் இழுத்தெடுத்தான். இரண்டு சில்லிலும் காற்று இல்லை. தலையில் வேப்பிலையோடு, ஈரச் சாரத்தோடு, சைக்கிளை ஒரு கையிலும் மகளை மறு கையிலும் பிடித்துக்கொண்டு காற்று அடிக்கச் சந்திக்கு நடந்தான். கேற்றைத் தாண்டும்போது அவள் தொடங்கினாள். நேசரியில் யார் யாரைக் கடித்தது, ரீச்சரின் குடையை யார் ஒளித்தது, மீன் தொட்டிக்குள் யார் பாணைப் போட்டது என்று சொல்லத் தொடங்கினாள். மெல்லத்தான் தொடங்கினாள். "கேக்கல்ல மனே, கேக்கல்ல," என்று அவன் சொல்லிக்கொண்டே போனான். கேதீஸ்வரி பழக்க தோஷத்தில் கேற்றடிக்கு ஓடி, "மெல்லக் கதை" என்று சொல்ல வாயைத் திறந்து, அப்படியே மூடிக்கொண்டாள்.

நான் மில்லைப் போடப் போனவன், போடாமல் நின்றேன். சந்தி எங்கள் வீட்டிலிருந்து முந்நூறு யார் தூரம் இருக்கும். அவர்கள் அங்கே போய்ச் சேர்ந்த பிறகும் அவள் சொல்வது ஒவ்வொன்றும் எனக்கு இங்கே கேட்டது. அந்தப் பிள்ளைக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்று எங்கள் தெருவில் அதுவரை ஒருவருக்கும் தெரியாது.